புது வண்டியில் பழைய கீறல்

கறுப்பு வண்டி உள்ளே நுழைந்து நின்றதும் மாஸ்டர் கூரை விளக்குகளை எல்லாம் அணைக்கச் சொன்னார். கையடக்க விளக்கு ஒன்றை எடுத்து பானட் மேல் சாய்வாகப் பிடித்தார். ஷோரூமிலிருந்து நேராக இங்கே வந்த வண்டி. மீட்டரில் 30 கிலோமீட்டர்கூட ஆகவில்லை, சீட்டில் பாலிதீன் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. வெளியே வெயிலில் பார்த்தபோது கண்ணாடி மாதிரி இருந்த பானட்டில், இப்போது விளக்கைச் சுற்றி வட்ட வட்டமாக நூலிழைக் கீறல்கள் தெரிந்தன. விளக்கை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகர்ந்தது.

"ஓட்டுனதுல வந்த கீறல் இல்ல சார். துடைச்சதுல வந்தது" என்றார்.

வேளச்சேரியிலிருந்து தரமணி போகும் வழியில், ஒரு டைல்ஸ் கடைக்குப் பின்னால் இருக்கிறது இந்தப் பட்டறை. பட்டறை என்று நான்தான் சொல்கிறேன். வாசலில் 'ஸ்டூடியோ' என்று பலகை. உள்ளே ஏ.சி., எபாக்ஸி போட்ட வழவழத் தரை, தேன்கூடு வடிவத்தில் எல்.இ.டி. விளக்குகள். மாஸ்டர் மட்டும் இந்த மினுமினுப்போடு ஒட்டாமல் இருக்கிறார். தொழில் கற்றது புதுப்பேட்டையில், ஒரு பெயிண்டிங் ஷெட்டில். வாட்டர் பேப்பர் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகை மழுங்கிப்போன பையனாகத் தொடங்கியவர், ஆதார் எடுக்கப் போன இடத்தில் கைரேகை பதியாமல் அலைந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

புது வண்டியின் பெயிண்டை ஏன் 'காப்பாற்ற' வேண்டும் என்ற சந்தேகத்தோடுதான் நான் போயிருந்தேன். டீலர் கொடுக்கும் டெஃப்லான் பூச்சு, கடைக்காரர் கொடுக்கும் செராமிக் பூச்சு, எல்லாமே ஆசையைக் காசாக்கும் வித்தை என்பது என் எண்ணம். அந்த எண்ணம் பாதிதான் மாறியது. மாறாத பாதியைப் பிறகு சொல்கிறேன்.

ஆலையில் ஒரு காரின் உடம்பு முதலில் பாஸ்பேட் குளியல் வாங்குகிறது. பிறகு முழுசாக ஒரு தொட்டியில் மூழ்கி, மின்சாரத்தின் இழுப்பில் துருத்தடுப்புப் பூச்சைப் பூசிக்கொள்கிறது. அதன் மேல் பிரைமர், நிறம், கடைசியாகக் கிளியர் கோட். நிறத்துக்கு மேல் இருக்கும் இந்த நிறமற்ற அடுக்குதான் பளபளப்பு, வெயிலைத் தாங்குவதும் அதுதான். இரும்புத் தகட்டுக்கு மேலே இருப்பதெல்லாம் சேர்த்து 100 முதல் 130 மைக்ரான் வரை. அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50. ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். முடியைவிட மெல்லிய ஓர் அடுக்கை நம்பித்தான் லட்சக்கணக்கில் பணம் போட்ட வண்டி வெயிலில் நிற்கிறது.

இந்த வண்டி பிறந்தது ஹரியானாவின் மானேசரில். அங்கிருந்து சென்னை வரும் வழியெல்லாம் தூசிதான். ரயில் தடமும் பிரேக்கும் உதிர்க்கும் இரும்புத்துகள் பெயிண்டில் போய்க் குத்தி உட்காரும். யார்டில் வாரக்கணக்கில் வெயிலில் நிற்கும்போது காக்கை எச்சம் விழும். வெயிலில் சூடேறி இளகும் பெயிண்ட், இரவில் குளிர்ந்து இறுகும்போது எச்சத்தின் தடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. இதையெல்லாம் தாண்டி வரும் வண்டிக்கு டெலிவரி நாளன்று அவசரக் குளியல். ஒரே பக்கெட், ஒரே துணி, அதே துணியால் இருபது வண்டி. அந்தத் துணியில் ஒட்டியிருந்த மணல்தான் நான் பார்த்த வட்டங்களை வரைந்தது. கீறல் தெரியாமல் இருக்க எண்ணெய்ப் பசை கொண்ட பாலிஷைத் தடவி ரிப்பன் கட்டிவிடுகிறார்கள். அந்த எண்ணெய் கழுவுவதில் போய்விடும், கீறல் இருக்கும்.

முதல் நாள் முழுக்கக் கழுவல்தான். நுரையைப் பீய்ச்சி ஊறவிட்டார்கள். இரண்டு பக்கெட்: ஒன்றில் ஷாம்பூ, மற்றொன்றில் கையுறையை அலசும் தண்ணீர். இரண்டின் அடியிலும் சல்லடை மாதிரித் தட்டு, அலசிய மண் மேலே வராமல் இருக்க. கடைசி அலசலுக்கு மட்டும் உப்பு நீக்கிய தண்ணீர். வேளச்சேரி போர் தண்ணீர் கறுப்பு வண்டியில் காய்ந்தால் வெள்ளை வட்டம் போடும் என்பது அங்கே வேலை பார்க்கும் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும்.

பிறகு ஒரு திரவத்தைத் தெளித்தார்கள். இரண்டு நிமிடத்தில் கதவின் கீழ்ப்பகுதியிலிருந்து ஊதா நிறத்தில் கோடு கோடாக வடிந்தது. இரும்புத்துகளோடு ரசாயனம் சேர்ந்து கரையும் நிறம் அது. கூடவே அழுகிய முட்டை நாற்றம். "புது வண்டிக்கு ரத்தம் வருது பாருங்க" என்றான் ஒரு தம்பி. எல்லோரிடமும் இதைச் சொல்வான் போலிருக்கிறது. மாஸ்டர் சிரிக்கவில்லை.

அடுத்தது கிளே. பிசைந்த மாவு பதத்தில் ஒரு கட்டி; அதைத் தட்டையாக்கி, சோப்புத் தண்ணீர் தெளித்துத் தெளித்து பெயிண்ட் மேல் இழுக்கிறார்கள். முதல் இழுப்பில் கரகரவென்று சத்தம், நான்காவது இழுப்பில் சத்தமே இல்லை. கட்டி தரையில் விழுந்தால் அதோடு குப்பைக்குத்தான். துடைத்து மறுபடி எடுக்கிற பேச்சே கிடையாது.

அதற்குப் பிறகு நடந்ததற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன் என்று சொல்லலாம். மாஸ்டர் தடிமன் பார்க்கும் மீட்டரை எடுத்து பேனல் பேனலாக வைத்துப் படித்தார், ஒரு பையன் நோட்டில் எழுதினான். பானட் 112, 115, 109. ஃபெண்டர் 118. இடது பின் கதவில் வைத்ததும் அவர் நின்றுவிட்டார். 243. இன்னோர் இடத்தில் 251. ஷோரூமுக்கு வரும் முன்னாலோ வந்த பின்னாலோ எங்கோ அடிபட்டு, அந்தக் கதவுக்கு மட்டும் மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

வாங்கியவருக்குத் தெரியாது. கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பூச்சு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டால் அவர் கடைசிவரை நிம்மதியாக இருப்பார், ஒரு டீலரோடு சண்டை மிச்சம். நான் மாஸ்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் யோசிக்கவில்லை. மீட்டரின் எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போன் போட்டார்.

"சார், வண்டி நல்லா இருக்கு. ஒரே ஒரு கதவு ரீபெயிண்ட். நீங்க ஷோரூம்ல பேசிட்டு வாங்க. அதுவரைக்கும் அந்தக் கதவ நான் தொட மாட்டேன்."

இது நேர்மை மட்டும் இல்லை, தொழில் கணக்கும் கூட என்று அவரே விளக்கினார். ஆலையில் வெறும் தகட்டை 140 டிகிரி சூட்டில் வேகவைக்கிறார்கள். வண்டி முழுசான பிறகு அந்தச் சூடு காட்ட முடியாது. பிளாஸ்டிக், ஒயரிங் எல்லாம் போய்விடும். பட்டறையில் 60 டிகிரிதான். அதனால் மறுபூச்சு ஆலைப் பூச்சின் இறுக்கத்துக்கு வராது. அதன் மேல் பி.பி.எஃப். என்ற பாதுகாப்பு ஃபிலிமை ஒட்டினால், என்றாவது ஃபிலிமை உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வந்துவிடலாம். அப்போது பழி ஒட்டியவன் தலையில்.

மறுநாள் பாலிஷ். பானட்டின் ஒரு மூலையில் டேப் ஒட்டி ஒரு சதுரத்தைப் பிரித்துக்கொண்டார்கள். இருப்பதிலேயே மென்மையான பேட், நைசான பாலிஷ். அதில் கீறல் போனால் போதும். போகாவிட்டால்தான் அடுத்த காரம். காம்பவுண்ட் போட்டு ஒரு முழுக் கட்டிங் என்றால் மூன்று நான்கு மைக்ரான் போய்விடும். வெயிலைத் தடுக்கும் ரசாயனம் கிளியர் கோட்டில்தான் இருக்கிறது, அதைத் தேய்க்கத் தேய்க்க வண்டியின் ஆயுளைத்தான் தேய்க்கிறோம். புதுப்பேட்டையில் மாஸ்டர் கற்றது ரோட்டரி மெஷினும் கம்பளி பேடும். வேகம் அதிகம், ஓரத்தில் ஒரு நொடி கூட நின்றால் பெயிண்ட் கருகி அடிப்பூச்சு தெரிந்துவிடும். இப்போது வைத்திருக்கும் மெஷின் சுழன்றுகொண்டே ஆடும், சூடு குறைவு. ஆனாலும் கதவின் ஓரங்களில் எல்லாம் டேப் ஒட்டச் சொல்கிறார்.

வலது ஃபெண்டரில் ஒரு ஆழமான கீறல் மட்டும் மிச்சமிருந்தது. பையன் காம்பவுண்ட் டப்பாவை எடுத்தான். "விடுடா" என்றார் மாஸ்டர். "அது இருக்கட்டும். கண்ணுக்கு ஒரு கோடு, அதுக்காக அஞ்சு மைக்ரான் எடுப்பியா?"

அங்கே நான் பார்த்ததில் கைத்திறன் என்று சொல்ல வேண்டுமானால், அந்த 'விடுடா'வைத்தான் சொல்வேன்.

செராமிக் பூசுவது, விளம்பரத்தில் பெரிதாகக் காட்டப்படும் அந்தக் காரியம், நேரத்தில் சிறியது. ஆல்கஹால் கலவையால் பாலிஷ் எண்ணெயைத் துடைத்து எடுத்துவிட்டு, ஐம்பது மில்லிகூட இல்லாத ஒரு குப்பியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் துணி சுற்றிய ஸ்பாஞ்சில் விட்டு, குறுக்கும் நெடுக்குமாகத் தடவுகிறார்கள். வானவில் மாதிரி ஒரு பளபளப்பு எழும். அந்த நேரம் பார்த்துத் துடைக்க வேண்டும். சென்னையின் ஈரக்காற்றில் அது சீக்கிரம் இறுகிவிடும். விட்ட இடம் திட்டாக நிற்கும், மறுபடி பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஏ.சி. வாடிக்கையாளருக்காக இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

மாறாத என் பாதிச் சந்தேகம் இந்தக் குப்பியைப் பற்றியது. அட்டையில் '9எச்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஏதோ வைரத்துக்கு அடுத்த கடினம் என்று வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். அது பென்சில் கணக்கு: பூச்சின் மேல் பென்சிலால் அழுத்திக் கீறிப் பார்க்கும் சோதனை, அதில் கடைசிப் பென்சில் 9எச். கல்லோ சாவியோ கீறினால் கீறல் விழத்தான் செய்யும். பூச்சின் தடிமனே ஒன்றிரண்டு மைக்ரான். அழுக்கு ஒட்டாது, தண்ணீர் உருண்டு ஓடும், எச்சத்தைத் துடைக்க அவகாசம் கிடைக்கும். அவ்வளவுதான், அது சின்ன லாபமும் இல்லை. ஆனால் வாரண்டி கார்டில் அச்சாகியிருப்பது குப்பி செய்த கம்பெனியின் பெயர். இரண்டு நாள் குனிந்து நின்றவர்கள் அதில் எங்கேயும் இல்லை.

கல்லடிக்கு பி.பி.எஃப்.தான். வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலும் கல்லும் அரிக்காமல் இருக்கப் பயன்பட்ட ஃபிலிமின் வாரிசு இது. பாலியூரித்தேன், 150 முதல் 200 மைக்ரான். லேசான கீறல் வெயில் சூட்டில் தானே மறையும். முழு வண்டிக்கு என்றால் பில் ஒரு லட்சத்தைத் தாண்டும் என்பதால் வண்டியின் உரிமையாளர் முன்பக்கத்துக்கு மட்டும் சொல்லியிருந்தார். பி.வி.சி.யில் செய்த மலிவு ஃபிலிமையும் இதே பெயரில் விற்கிறார்கள், அது சீக்கிரம் மஞ்சளாகிவிடும்.

ஒட்டியவர் அஸ்ஸாமிலிருந்து வந்த இளைஞர். கடிகாரம் இல்லை, மோதிரம் இல்லை, பெல்ட் பக்கிளுக்கு மேல் துணி. பேபி ஷாம்பூ கலந்த தண்ணீரில் ஃபிலிமை மிதக்கவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் பட்டையால் தண்ணீரை ஓட்டினார். பம்பரின் வளைவில் ஃபிலிமை இழுத்துப் பிடிக்க இரண்டு கட்டைவிரலும் நடுங்கின. நாள் முழுக்க ஈரத்தில் இருந்து அவர் நக ஓரங்கள் வெளுத்திருந்தன. "ஜாஸ்தி இழுத்தா கோடு வரும், கம்மி இழுத்தா சுருக்கம் வரும் அண்ணா" என்றார், பட்டறையில் கற்ற தமிழில். அவரது மாதச் சம்பளம் அந்த பம்பர், பானட் ஃபிலிமின் விலையைவிடக் குறைவு. மூடிய அறையில் பூச்சு வாடை கண்ணைக் கரிக்கும்போதும் சிலர் மாஸ்க்கைக் கழுத்தில்தான் போட்டிருந்தார்கள். மாஸ்டர் திட்டுகிறார், ஐந்து நிமிடம் மூக்குக்கு ஏறுகிறது, மறுபடி இறங்கிவிடுகிறது.

மூன்றாம் நாள் மாலை உரிமையாளர் மனைவியோடு வந்தார். கதவு விஷயத்தில் டீலர் இறங்கி வந்திருப்பதாகச் சொன்னார், ஆனாலும் பாதிக் கோபம் இன்னும் ஆறவில்லை. அந்த அம்மாவுக்கு வேறு கவலை: பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரர் கோயிலில் இன்னும் பூஜை போடவில்லை.

"தாராளமா போடுங்கம்மா" என்றார் மாஸ்டர். "ஒரு வாரம் தண்ணி படக் கூடாது, அது கழிச்சுப் போங்க. சந்தனம் குங்குமத்தக் கண்ணாடியில வைக்கச் சொல்லுங்க, பானட்ல வேணாம். மாலையக் கம்பி போட்டுக் கட்ட விடாதீங்க. பானட்ல சந்தனம் பட்டா காய விட்டுத் துடைக்காதீங்க, தண்ணி ஊத்தி எடுங்க."

பிறகு உரிமையாளர் பக்கம் திரும்பினார். "அபார்ட்மெண்ட்ல காலைல வண்டி துடைக்க ஆள் இருக்கா சார்?"

"இருக்காரு. இந்த மாசத்துக்கு முன்பணமே குடுத்துட்டேன்."

"நல்லது. சம்பளத்த மாசாமாசம் குடுத்துருங்க சார். வண்டிய மட்டும் தொட வேணாம்னு சொல்லிருங்க."