நானூறு ரூபாயில் நாலு பேர் உல்லாசம்!

மாதம் பிறந்தால் வாடகை, ஸ்கூல் ஃபீஸ், கேஸ், மளிகை என்று ஒவ்வொன்றுக்கும் பணத்தை எடுத்து வைக்கிறோம். 'உல்லாசம்' என்று ஒரு தலைப்பை நம்மில் எத்தனை பேர் பட்ஜெட் நோட்டில் எழுதுகிறோம்? எழுதாத செலவுதான் சகோதரிகளே, திடீரென்று வந்து கையைக் கடிக்கும்!

போன வருஷம் என் கணவருக்குக் கம்பெனியில் ஓவர்டைம் நின்று போயிற்று. முதலில் அடிபட்டது குழந்தைகளின் ஞாயிற்றுக்கிழமைதான். கூடப் படிக்கிற பிள்ளைகள் மால், சினிமா என்று போய் வந்து சொல்வார்கள். என் பத்து வயசுப் பையன் வீட்டில் வந்து எதுவும் கேட்க மாட்டான். அடம் பிடித்தால்கூடத் தேவலை. அவன் பேசாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. வீட்டில் பணம் குறைச்சல் என்பது குழந்தைக்குத் தெரியலாம், தப்பில்லை. சந்தோஷமே நமக்கு இல்லை என்று அது நினைத்துவிடக் கூடாதே!

ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் மாதம் நானூறு ரூபாய் போட்டேன். பாட்டிலும் கணக்கு நோட்டும் பையன் பொறுப்பு. எங்கே போவது என்பது எட்டாவது படிக்கும் பெண்ணின் பொறுப்பு. வெளியே போனால் காசு மூன்று வழியில்தான் போகிறது: வண்டிச் சத்தம், சாப்பாடு, நுழைவு டிக்கெட். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆகவே எனக்கும் பெண்ணுக்கும் பஸ் செலவு மிச்சம். சாப்பாடு என் கைக்காரியம். மூன்றாவதுக்கு டிக்கெட் இல்லாத இடமாகத் தேடினோம்.

முதலில் போனது பரங்கிமலை. கீழ்க்கட்டளையிலிருந்து பஸ்ஸில் பல்லாவரம், அங்கிருந்து மின்சார ரயில். ஆளுக்கு ஐந்து ரூபாய்தான். திரிசூலம் ஸ்டேஷன் வந்ததும் எதிரே விமான நிலையம்! பிள்ளைகள் ஜன்னலை விட்டு நகரவில்லை. பரங்கிமலையில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் மலையடிவாரம். படிகளை ஓட்டப்பந்தயம் போல ஏறினார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கவலைப்பட வேண்டாம், வண்டி போகிற பாதையும் உண்டு.

உச்சியில் 1523-ல் போர்ச்சுக்கீசியர் கட்டிய மாதா கோயில். புனித தோமையார் உயிர் நீத்த இடம் இதுதான் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. மரத்தடியில் உட்கார்ந்தால் நல்ல காற்று. கண்ணெதிரே விமானங்கள் இறங்குவதையும் ஏறுவதையும் காசில்லாமல் பார்க்கலாம்.

அங்கே லாம்ப்டன் என்ற ஆங்கிலேயரின் சிலை இருக்கிறது. இந்தியா முழுவதையும் அளந்து வரைபடம் போட, 1802-ல் இவர் முதல் கோட்டை அளந்தது இந்த மலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று வரைக்கும். சுமார் ஏழரை மைல். நூறு அடிச் சங்கிலியை வைத்து வைத்து அளக்க 57 நாள் ஆயிற்றாம்! "அப்போ நம்ம ஊர் வழியாத்தானேம்மா போயிருப்பாங்க?" என்று பெண் கேட்டாள். தெற்கே பார்த்தால் ஆமாம், கீழ்க்கட்டளை இரண்டுக்கும் நடுவில்தான்! இமயமலைச் சிகரங்களின் உயரம் வரை கணக்கிட்ட அளவை வேலைக்கு ஆரம்பம் நம் வாசல் பக்கம் என்றதும் பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

புளியோதரை, தயிர் சாதம், வறுத்த அப்பளம், வீட்டுத் தண்ணீர். இறங்கி வந்து ஆளுக்கொரு ஐஸ்கிரீம். ராத்திரி பையன் கூட்டிப் பார்த்ததில் மொத்தம் நூற்றைம்பதைத் தாண்டவில்லை.

அடுத்த மாதம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-ல் திறந்தது. நுழைவுக் கட்டணம் இல்லை, குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அதற்கடுத்து, குளிர்காலக் காலை வேளையில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துப் பறவைகள். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். எங்களுக்கோ கூப்பிடு தூரம். மிச்சம் பிடித்த பணத்தில் வண்டலூர் மிருகக்காட்சி சாலையும் ஆயிற்று. (செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை. எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை. தெரியாமல் போய்த் திரும்பினால் பஸ் செலவு தண்டம்!)

சில குறிப்புகள்: வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். தொப்பி, குடை, ஒரு பழைய பெட்ஷீட் அவசியம். வெயில் காலத்தில் தயிர் சாதத்தைப் பாலில் பிசைந்து, ஒரு ஸ்பூன் தயிர் விட்டு எடுத்துப் போனால் புளிக்காது. வாங்கித் தின்பது ஒன்றே ஒன்று என்று வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

பையன் இப்போது வாய் திறந்து கேட்கிறான், "அம்மா, பாட்டிலில் இருநூறு மிச்சம் இருக்கு, எங்கே போகலாம்?" என்று. கையில் கணக்கு இருக்கிற பிள்ளை ஏங்குவதில்லை, திட்டம் போடுகிறது. உங்கள் வீட்டிலும் ஒரு காலி பாட்டில் இருக்குமே, இந்த மாதமே ஆரம்பித்துப் பாருங்களேன்!