திருமுழுக்குப் பெறாத பாலகர்

மோட்சம், நரகம், உத்தரிக்கிற ஸ்தலம் என மறுவுலக நிலைகளை மூன்றாகச் சொல்வது நம் வழக்கம். வயது முதிர்ந்தோரைக் கேட்டால் நான்காவது ஒன்றையும் சொல்வார்கள். ஞானஸ்நானம் பெறாமல் மாண்டுபோன பச்சிளங் குழந்தைகளின் இடம் அது. அங்கே வேதனை இல்லை. ஆனால் இறைவனின் திருமுகமும் இல்லை. ‘லிம்போ’ என்று அதற்குப் பெயர். ஆடையின் கரை, ஓரம் என்பது அந்த இலத்தீன் சொல்லின் பொருள். அழவும் தெரியாத குழந்தைகளை ஓரத்திலே நிறுத்தி வைக்கும் இந்தக் கருத்து எப்படி எழுந்தது?

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாஜியுஸ் என்பவர், ஆதாமின் பாவம் நமக்குத் தீய முன்மாதிரியே அன்றி வேறல்ல, மனிதன் தன் ஆற்றலாலேயே நன்மையைச் சாதிக்க முடியும் என்று போதித்தார். அவரை எதிர்த்து எழுந்த புனித அகுஸ்தினார், கிறிஸ்துவின் அருளின்றி எவருக்கும் மீட்பில்லை என்று வாதாடினார். அந்த வாதத்தின் போக்கிலேயே, திருமுழுக்குப் பெறாத குழந்தைகளும் தண்டனைக்கு உரியோரே, எனினும் அவர்களுடைய தண்டனை எல்லாவற்றிலும் மிக இலேசானது என்ற முடிவுக்கு வந்தார். அவரைக் கல்நெஞ்சர் என்று இன்று சொல்லிவிடுவது எளிது. தம் மகனோடு 387-ஆம் ஆண்டு மிலான் நகரில் ஒன்றாகத் திருமுழுக்குப் பெற்று, சில ஆண்டுகளிலேயே அம்மகனைச் சாவுக்குக் கொடுத்தவர் அவர். குழந்தைகளை வெறுத்து அவர் அப்படி எழுதவில்லை. கிறிஸ்து இன்றியமையாதவர் என்பதை விட்டுக்கொடுக்க மனமில்லாமலே எழுதினார்.

பின்வந்த நூற்றாண்டுகள் அந்தக் கடுமையைத் தணித்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித அக்குவினா தோமையார், தாங்கள் இழந்தது இன்னதென்று அக்குழந்தைகள் அறியார். ஆகையால் அதைக் குறித்து வருந்தவும் மாட்டார்கள் என்று விளக்கினார். இறையியலார் கருத்தாக இது நெடுங்காலம் நின்றது. விசுவாசக் கோட்பாடாகத் திருச்சபை இதை ஒருநாளும் வரையறுத்ததில்லை. ஆனால் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்குக் கோட்பாடு எது, கருத்து எது என்று தெரியுமா? திருமுழுக்கு இல்லாதோருக்குத் திருச்சபை அடக்கம் இல்லை என்று 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கூறிற்று. அச்சட்டப்படி அக்குழந்தைகள் மந்திரித்த நிலத்துக்கு வெளியே புதைக்கப்பட்டனர்.

நாம் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில், எண்பதைக் கடந்த அன்னை ஒருவர் இருந்தார். 1962-இல் அவருக்குத் தலைப்பிள்ளை பிறந்து சில மணி நேரமே உயிரோடு இருந்தது. நள்ளிரவு, குருவானவரோ வேறோர் ஊரில். தண்ணீர் ஊற்றித் தாமே திருமுழுக்கு அளிக்கலாம் என்பது மருத்துவச்சிக்குத் தெரியவில்லை. விடியுமுன் சுவருக்கு வெளியே, ஒரு பனைமரத்தடியில் குழி வெட்டினார்கள். ஒவ்வொரு நவம்பர் 2-ஆம் நாளும் அவர் கணவரின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வாயிலைத் தாண்டிப் போவார். நாம் அங்கே போன முதல் ஆண்டு, கல்லறைகளை மந்திரித்து முடித்து நிற்கையில் அருகே வந்தார்.

“சாமி, உள்ளே இருக்கிற எல்லாருக்கும் தீர்த்தம் தெளிச்சீங்க. வெளியே ஒருத்தன் இருக்கான்” என்றார்.

அவரோடு வெளியே போனோம். பனை எப்போதோ போய்விட்டிருந்தது. இடத்தை அவர்தாம் காட்டினார். தீர்த்தம் தெளித்துச் செபித்தோம். “அவன் ஆண்டவர்கிட்டே இருக்கானா சாமி?” என்று கேட்டார். இருக்கிறான் என நம்பலாம், தாயே; அப்படி நம்பச் சொல்லித் திருச்சபையே நமக்கு இடம் கொடுத்திருக்கிறது என்றோம். பதில் ஒன்றும் சொல்லாமல் திரியை ஏற்றினார்.

ஆறுதலுக்காகச் சொன்ன பொய்யன்று அது. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் லிம்போவைப் பற்றிப் பேசவே இல்லை. 1261-ஆம் எண்ணில், இக்குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டின் இசைவோடு 2007-இல் பன்னாட்டு இறையியல் ஆணைக்குழு வெளியிட்ட ஏடு, அவர்கள் மீட்படைந்து இறைக்காட்சி பெறுவார்கள் என நம்புவதற்கு வலுவான ஆதாரங்கள் உண்டு என்கிறது. உறுதியான அறிவு என்று அந்த ஏடு சொல்லவில்லை, நம்பிக்கை என்றே சொல்கிறது. அந்த அளவோடு நிற்பதே முறை என்பது நம் எண்ணம். எல்லா மாந்தரும் மீட்புப் பெற வேண்டுமென்பது இறைவனின் திருவுளம் எனப் பவுலடியார் திமொத்தேயுவுக்கு எழுதினார். சிறுபிள்ளைகளைத் தடுத்த சீடர்மேல் ஆண்டவர் சினங்கொண்டார். ஏரோது வெட்டுவித்த பெத்லகேம் குழந்தைகளில் எவர் திருமுழுக்குப் பெற்றிருந்தார்? அவர்களைப் புனிதராக வணங்கி, டிசம்பர் 28-இல் விழா எடுக்கிறோமே! மீட்பைத் திருமுழுக்கோடு பிணைத்தவர் இறைவனே; ஆயினும் அதனால் அவர் தம் கைகளைக் கட்டிக்கொள்ளவில்லை.

அப்படியானால் திருமுழுக்குக்கு என்ன அவசரம் என்று ஓர் இளந்தந்தை நம்மிடம் கேட்டார். குழந்தைக்கு அப்போது பதினான்கு மாதம். தாய்மாமன் சவுதியிலிருந்து விடுப்பில் வர வேண்டுமாம்; மண்டபமும் கிடைக்க வேண்டுமாம். பிறந்த முதல் சில வாரங்களுக்குள் திருமுழுக்கு நடைபெறப் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே இன்றைய சட்டமும். கைக்கு எட்டாமற்போன கொடைக்கு நம்பிக்கை மாற்றாக நிற்கலாம். கைக்கெட்டும் கொடையைப் பிரியாணிக்காகத் தள்ளிவைப்போருக்கு அந்த ஏடு எழுதப்படவில்லை. திருமுழுக்கு நரகத்துக்குத் தப்பும் அனுமதிச் சீட்டு மட்டுமன்று, கிறிஸ்துவின் உடலில் ஒட்டவைக்கப்படுவது என்பதை மறந்ததனாலேயே இப்படிக் கேட்கத் தோன்றுகிறது.

நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை இரண்டு உண்டு. சாவு ஆபத்திலுள்ள குழந்தைக்கு எவரும் திருமுழுக்கு அளிக்கலாம். திருச்சபையின் கருத்தோடு தலையில் தண்ணீர் ஊற்றி, மூவொரு இறைவனின் பெயரால் திருமுழுக்கு அளிப்பதாகச் சொன்னால் போதும். செவிலியர் கிறிஸ்தவராக இல்லாவிடினும் தடையில்லை. அதற்கும் வாய்ப்பின்றிக் குழந்தை இறந்துவிட்டால், பெற்றோர் திருமுழுக்கு அளிக்க எண்ணியிருந்தனர் என்ற அடிப்படையில், ஆயரின் இசைவோடு திருச்சபை அடக்கம் தரலாம் என்று 1983-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அதற்கெனத் திருப்பலியும் நூலிலே இருக்கிறது. அதில் மன்றாட்டு, பெற்றோரின் துயர் ஆறவேண்டும் என்பதே. பலர் இதை அறியாமல், மருத்துவமனையிலிருந்தே துணியில் சுற்றி எடுத்துச் சென்று எங்கோ புதைத்துவிட்டு, வாய் திறவாமல் இருந்துவிடுகின்றனர். பங்குக் குருவிடம் சொல்லுங்கள். இரவானாலும் கதவைத் தட்டலாம்.