இரண்டாவது பொட்டலம்

பொன்னியைத் தவிர வேறெந்த அரிசியையும் நான் இரண்டாம் முறை வாங்கியதில்லை. கருப்புக் கவுனி, காட்டுயானம், பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தன. எல்லாமே அரைக் கிலோ பொட்டலத்தில் பாதியோடு நின்றுபோயின. இத்தனைக்கும், உறவுக்காரர் வீட்டு விசேஷங்களில் பாரம்பரிய அரிசியைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுகிறவன் நான். காட்டுயானம் வயலுக்குள் யானை நின்றாலும் தெரியாது என்பேன். மாப்பிள்ளைச் சம்பா தின்றவன் இளவட்டக்கல்லை அலட்சியமாகத் தூக்குவான் என்பேன். கேட்பவர்கள் கண் விரிவதில் எனக்கொரு குஷி. அதே மாப்பிள்ளைச் சம்பாவை என் மனைவி ராத்திரியே ஊறவைத்து, கூடுதலாக நாலு விசில் விட்டு, இரண்டாம் நாளும் தட்டில் போட்டபோது, “சாதாரணச் சோறு இல்லையா?” என்று முதலில் கேட்டவனும் நான்தான். பிள்ளைகள்கூட எனக்குப் பிறகுதான் முகம் சுளித்தார்கள்.

பழைமையின் மேல் பற்று என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். புதுப் போன், புதுச் சட்டை என்று அலைந்தால் ஊதாரி என்பார்கள். கவுனி அரிசி என்று அலைந்தால் மரியாதை. இரண்டிலும் புதுசு தேடும் அரிப்பு ஒன்றுதான். 1966ல் வந்த ஐஆர்8 குட்டை நெல் அன்றைக்குப் புதுசு. அதுவும் அதன் வழியில் வந்த ரகங்களும்தான் பழைய நெல்லை வயலைவிட்டு விரட்டின. அன்று நான் விவசாயியாக இருந்திருந்தால், ஐஆர்8 விதைக்கு முதல் ஆளாக வரிசையில் நின்றிருப்பேன்.

வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் 1990களில் குரங்குகளை வைத்துச் சோதனைகள் செய்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது குரங்கின் மூளையில் டோபமைன் செல்கள் துள்ளின. சாறு வருமுன் ஓர் அடையாளம் காட்டிப் பழக்கிய பிறகு, துள்ளல் அந்த அடையாளத்துக்கு நகர்ந்துவிட்டது. சாறு வாயில் விழும்போது செல்கள் சும்மா இருந்தன. கடையில் பொட்டலத்தின் மேல் பெயரைப் படிக்கும்போதே எனக்கும் எல்லாம் முடிந்துவிடுகிறது. குரங்காவது சாற்றைக் குடித்தது.

திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தி, பாரம்பரிய ரகங்களை மீட்டுப் பரப்பியவர் நெல் ஜெயராமன். 2018ல் காலமானார். அவரிடம் இரண்டு கிலோ விதைநெல் வாங்கினால், அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். விதைநெல் மூட்டையில் கிடந்தால் முளைப்புத்திறன் போய்விடும். விதைத்துக்கொண்டே இருந்தால்தான் ரகம் தங்கும். அந்த ‘அடுத்த வருஷம்’தான் எனக்கு ஆகாது. என் கையில் அந்த இரண்டு கிலோ கிடைத்திருந்தால் பரணிலேயே மக்கியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். “போன தடவை வாங்கிட்டுப் போன பூங்கார் எப்படி சார் இருந்துச்சு?” என்று அரிசிக் கடைக்காரர் கேட்டார். “பிரமாதம்” என்றேன். வீட்டில் அதில் வண்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பேச்சை நம்பி, பூங்கார் போடும் விவசாயியிடம் இன்னும் இரண்டு மூட்டை சொல்லிவைத்தார். சில மாதம் கழித்துப் போனபோது மூட்டைகள் கடை ஓரத்தில் தையல் பிரிக்காமல் கிடந்தன. “ஒரு தடவை வாங்கிட்டுப் போறாங்க சார், மறுபடி வந்து கேக்கவே மாட்டேங்கிறாங்க” என்றார். நானும் அநியாயம்தான் என்பதுபோல் தலையாட்டிவிட்டு, தூயமல்லி அரைக் கிலோ வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.