கலப்படக் கலப்பை!

பவர் டில்லரைப் பார்த்திருக்கிறீர்களா? ஏ.ஸி. ரூமில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டும் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்... டிராக்டருக்கு அது ஒன்றுவிட்ட தம்பி. இரண்டே சக்கரம், மாட்டுக் கொம்பு மாதிரி இரண்டு கைப்பிடி, முன்னால் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின். ஓட்டுகிறவர் பின்னாலேயே நடக்க வேண்டும். ஒரு ஏக்கர் உழுது முடிப்பதற்குள் தாராசுரத்திலிருந்து கும்பகோணம் போய்த் திரும்பிய அளவுக்குக் கால் தேய்ந்திருக்கும்!

பெங்களூர் வி.எஸ்.டி. கம்பெனி 1967-ல் ஆரம்பித்தது. ஜப்பானின் மிட்சுபிஷியோடு கூட்டு. ஜப்பானிலும் சின்னச் சின்ன வயல், முழங்கால் சேறு, நாற்று நடவு. அவர்களுக்குச் சரிப்பட்டது காவிரிக் கரைக்கும் சரிப்பட்டதில் ஆச்சரியமில்லை.

அப்பா 1981-ல் வாங்கிய மிட்சுபிஷி டில்லர் எங்கள் மாட்டுக் கொட்டகையில் பன்னிரண்டு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கோழிகள் அதன் மேல் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, பேரன் பேத்தி எடுத்துவிட்டன. "400 கிலோ தேறும், பழைய இரும்புக்காரன் கிட்ட போட்டுடலாம்" என்பது அம்மாவின் நிரந்தர மசோதா.

சிக்கல் என்னவென்றால், எங்கள் ஒன்றரை ஏக்கர் நிலத்துக்குப் போக நாலு பேர் வயலைத் தாண்ட வேண்டும். அவர்கள் நட்டுவிட்டால் டிராக்டர் உள்ளே நுழைய முடியாது. அரசலாற்றில் தண்ணீர் வந்ததும் ஊருக்கே ஒரே வாரத்தில் டிராக்டர் வேண்டும். வாடகை வண்டி நம்ம முறைக்கு வருவதற்குள் பக்கத்து நாற்று நிமிர்ந்து நின்று நம்மைப் பார்த்துச் சிரிக்கும். 2024-ல் மேட்டூர் திறந்ததே ஜூலை 28-ல். குறுவை போச்சு. அப்பா கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தபடி, "வர்ற வருஷமும் உழ முடியலேன்னா குத்தகைக்கு விட்டுடலாம்டா" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

2025 ஏப்ரலில் மெக்கானிக் அண்ணனைக் கூட்டி வந்தேன். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"தம்பி, இந்த வயசு வண்டிக்கு ஒரிஜினல் பார்ட்ஸ்னு அலைஞ்சா, நீங்க ரிடையர் ஆயிடுவீங்க. கிடைச்சதைப் போட்டு ஓட வெப்போம்."

"பொருந்துமாண்ணே?"

"நம்ம ஐராவதேஸ்வரர் கோயில்ல பாத்ததில்லையா? ஒரே தலை. இந்தப் பக்கம் பார்த்தா யானை, அந்தப் பக்கம் பார்த்தா காளை. ரெண்டாம் ராஜராஜன் காலத்துலயே பார்ட்ஸ் மாத்திப் போட்டிருக்காங்க! யுனெஸ்கோகாரனே 2004-ல ஒத்துக்கிட்டுப் பட்டியல்ல சேர்த்துட்டான். உங்களுக்கு என்ன?"

அப்புறம் பேச முடியுமா?

டீசல் டேங்க் வேறொரு கம்பெனி டில்லரிலிருந்து வந்தது. ஹேண்டில் கிரிப் ஒரு மொபெட்டின் தானம். ஹெட்லைட் புல்லட்டுடையது. அது மாட்டியதும் டில்லருக்கே ஒரு போலீஸ் களை வந்துவிட்டது. ரைஸ் மில்லில் கிடைத்த இன்ஜின் புல்லி மட்டும் அரை இஞ்ச் சின்னது. மாட்டினால் மாட்டும். ஆனால் அது சிறுத்தால் ரோட்டரியின் சுழற்சியும் குறையும், மண் கட்டி உடையாது. "கலப்படத்துக்கும் கணக்கு உண்டு தம்பி" என்று சொல்லி, லேத்தில் புதுசாகவே கடையவைத்தார்.

பெல்ட் விஷயத்தில் ரொம்பக் கறார். மூன்றில் ஒன்றுதான் பிய்ந்திருந்தது. "ஒண்ணு வாங்கினா போதாதா?" என்றேன்.

"புதுசு ஒண்ணு, பழசு ரெண்டு போட்டா, தொளதொளன்னு இருக்குற பழசு ரெண்டும் வேடிக்கை பாக்கும். புதுசு மட்டும் இழுத்து இழுத்துச் சாகும்."

எனக்கு எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன் ஞாபகம் வந்தது. மூன்றும் புதுசாகவே வாங்கினேன்.

ஆபீஸ் நண்பர் ஒருவர், "இன்ஜினைத் தூக்கிப் போட்டுட்டு பேட்டரி வெச்சிடுங்க சார்" என்றார். புதுசு ஒன்றுமில்லை. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி 1969 கடைசியிலேயே 'எலெக்-டிராக்' என்று 36 வோல்ட் தோட்ட டிராக்டர் கொண்டுவந்தது. சில வருஷத்தில் நின்றும் போனது. இன்றைக்கும் அங்கே அதைத் தேடிப் பிடித்து, கோல்ஃப் வண்டி பேட்டரி போட்டு ஓட்டுகிற பைத்தியங்கள் உண்டு. (நம் ஜாதி!) இந்தியாவிலும் சோனாலிகா 2020-ல் எலெக்ட்ரிக் டிராக்டர் விட்டது. ஆனால் பேட்டரி கனம் புல்வெளியில் சக்கரத்துக்குப் பிடிமானம் தரும். எங்கள் களிமண் சேற்றில் கனம் என்றால் அமுங்குதல்தான். டயரைக் கழற்றிவிட்டு இரும்புக் கேஜ் வீல் போட்டுத்தான் இறங்கவே முடியும். டீசலே வாழ்க!

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் பண்ண நாள் குறித்தோம். "கட்டை விரலை மத்த விரலோட சேர்த்துப் பிடிங்க தம்பி. ஹேண்டில் திருப்பி அடிச்சா விரல் தப்பிச்சுக்கும்" என்றார் அண்ணன். டீசல் லைனில் காற்றை எடுத்துவிட்டு, லீவரைத் தூக்கிச் சுற்றினேன். ஐந்தாவது சுற்றில் லீவரை விட்டதும் ஒரு கரும்புகை... அப்புறம் தடதடதட!

கோழிகள் ஊரைக் காலி செய்தன. கட்டிலில் படுத்திருந்த அப்பா எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு நிமிஷம் காது கொடுத்தார்.

"டைமிங் கொஞ்சம் முந்தி இருக்குய்யா. ஒரு ஷிம் வை."

மெக்கானிக் அண்ணன் என்னைப் பார்த்தார். பேசாமல் ஷிம் வைத்தார். சத்தம் பதமானது.

வாய்க்கால் கரையிலிருந்து வயலில் இறக்கும்போது அப்பா பின்னாலேயே வந்தார். "டேய், இறக்கத்துல எல்லாம் தலைகீழ். இடது பக்கம் திரும்பணும்னா வலது கிளச்சைப் பிடி!" வாஸ்தவம்தான். சரிவில் வண்டியை இன்ஜின் இழுத்துப் பிடித்திருக்கும். எந்தப் பக்கக் கிளச்சை விடுவிக்கிறோமோ அந்தச் சக்கரம் முந்திக்கொண்டு ஓடும். வலது கிளச்சைப் பிடித்தேன். இடது பக்கம் சமர்த்தாகத் திரும்பியது.

சாயங்காலத்துக்குள் முக்கால் ஏக்கர் சேறாகிவிட்டது. குத்தகைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. வரப்பில் போன ஒருவர் நின்று, டேங்க் முதல் ஹெட்லைட் வரை உற்றுப் பார்த்துவிட்டு, "இது என்ன கம்பெனிங்க?" என்று கேட்டார்.

அப்பா யோசிக்கவே இல்லை.

"தாராசுரம் கம்பெனி!"