மயில்துத்தம் போன வழி

மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். காப்பியும் பாக்கும் பயிரிடுவோருக்கு மனப்பாடமான கணக்கு இது. இப்படிக் கலந்த போர்டோ கலவையில் இரும்புக் கத்தியை நனைத்து எடுத்தால் செம்பு படியக் கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. தெளித்த இலை கருகிவிடும். இலையையே கருக்கக்கூடிய பூஞ்சை மருந்து மழையோடு குட்டையில் இறங்கினால், அங்கே மிதக்கும் சிறு செடிகளான அசோலாவும் லெம்னாவும் என்ன ஆகும்? இந்தக் கேள்வியோடுதான் கலவையின் பிறப்பைத் தேடினேன்.

பிறந்தது பிரான்சின் மெடோக் பகுதியில். 1882 அக்டோபரில் தாவரவியலாளர் மில்லார்தே அங்கே நடந்துபோனபோது, அடிச்சாம்பல் நோய் திராட்சைத் தோட்டங்களை மொட்டையாக்கியிருந்தது. சாலையோரக் கொடிகளில் மட்டும் இலை நின்றது. வழிப்போக்கர்கள் பழம் பறிக்காதிருக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அந்த ஓரத்தில் மட்டும் தெளித்திருந்தார்கள். 1885இல் மில்லார்தே இம்முறையை உலகுக்கு அறிவித்தார்.

அதன்பின் 1904. அமெரிக்க வேளாண் துறையின் மூர், கெல்லர்மன் இருவரும் குடிநீர்த் தேக்கங்களில் பாசியை ஒழிக்க அதே மயில்துத்தத்தைப் பரிந்துரைத்தார்கள், அதுவும் மிகச் சொற்ப அளவில். நீரில் வளரும் பச்சைக்கு இது நஞ்சு என்பது அன்றைக்கே தெரிந்த சங்கதி!

வயலில் களிமண்ணும் மட்கும் மயில்துத்தத்தின் தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மிதக்கும் செடிக்கு அந்தக் காவல் கிடையாது. லெம்னா வேரால் மட்டுமல்ல, நீரைத் தொட்டுக் கிடக்கும் இலையின் அடிப்பக்கத்தாலும் உறிஞ்சுகிறது. உள்ளே போன தாமிரம் பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பச்சையத்தால் வெயிலைப் பயன்படுத்த முடியாது. கொத்தாக ஒட்டியிருந்த இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று போகும்.

இதை அளக்கவும் முறை உண்டு. 2006இல் பன்னாட்டு அமைப்பான ஓஈசிடி ஏற்றுக்கொண்ட சோதனையில், மருந்து கலந்த நீரில் லெம்னாவை 7 நாள் வளர்த்து இலைகளை எண்ணுகிறார்கள்.

என்னை அதிகம் கவலைப்பட வைத்தது தாமிரமல்ல, நெல்லுக்கும் வாழைக்கும் இன்று அடிக்கும் டிரையசோல் மருந்துகள். புரோப்பிகோனசோல், ஹெக்சகோனசோல் எல்லாம் இந்த வகை. பூஞ்சையின் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெராலை உருவாகவிடாமல் ஒரு நொதியை முடக்குபவை இவை. அதே குடும்பத்து நொதிகள் செடிகளிலும் இருக்கின்றன. மாமரத்தின் துளிர்ப்பை அடக்கிப் பூக்க வைக்கும் பேக்லோபியூட்ரசாலும் டிரையசோல்தான். அது தடுப்பது செடியை நீளவைக்கும் ஜிப்ரெல்லினை. வளர்ச்சியைக் குறுக்குவது இந்த வகை மருந்துகளின் கூடப்பிறந்த குணம்.

இப்படிக் குறுகும் செடி பெரும்பாலும் வெளுப்பதில்லை. இலை சிறுத்து, கரும்பச்சையாகத் தெரியும். மருந்தடித்த வயலை ஒட்டி அசோலாத் தொட்டி வைத்திருப்பவர், நிறத்தைப் பார்த்து நிம்மதியடையாமல் அன்றாடம் அள்ளும் எடையைக் குறித்து வைக்க வேண்டும்.