கம்பேனியன் வண்டியும் அதன் செலவும்



பழைய பொருள் ஒன்றைச் செப்பனிடச் செலவழிக்கும் பணம் தகுமா என்ற கேள்வியை என் குடும்பத்தார் மூன்று மாதங்களாக ஒரு மோட்டார் வண்டியின் பொருட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஏற்காட்டில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கும் அந்த வண்டியை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். "இதை இன்னுமா வைத்திருக்கிறீர்கள், ஐயா?" என்று சிலர் கேட்டதும் உண்டு. அவர்களுக்குச் சொல்லவேண்டிய பதில் நீளமாக இருப்பதால் இவ்வாரம் அதையே எழுதுகிறேன்.

அதன் பெயர் ஸ்டாண்டர்டு கம்பேனியன். சென்னையில் 1948இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்து நிறுவனத்தோடு சேர்ந்து 1961 முதல் ஹெரால்டு என்னும் சிறிய காரைக் கட்டிவந்தது. இங்கிலாந்தில் ஹெரால்டுக்குப் பக்கவாட்டில் இரண்டே கதவுகள். நம் குடும்பங்களின் அளவை அறிந்த சென்னைக்காரர்கள் பிற்காலத்தில் அதற்கு நான்கு கதவுகள் வைத்தார்கள். பிறகு பின்புறத்தை நீட்டி ஐந்தாவது கதவும் வைத்து ஸ்டேஷன் வேகனாக்கினார்கள். அப்படிப்பட்ட வண்டி இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதி வந்த என் தகப்பனார் 1974இல் அதைப் பழைய வண்டியாகவே வாங்கினார். தோட்டத்தில் அதற்குக் "கம்பனி வண்டி" என்று பெயர். கம்பேனியன் என்ற சொல் அப்படித் திரிந்துவிட்டது.

948 சி.சி. எஞ்சின் மலையேறப் போதாது என்று அன்றே பலர் சிரித்தார்கள். ஆனால் சேலத்திலிருந்து ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அங்கே வலிமையைவிடத் திரும்பும் திறம் பெரிது. ஹெரால்டின் முன்சக்கரங்கள் வியக்கத்தக்க அளவு மடங்கும். சுமார் 25 அடி வட்டத்துக்குள் வண்டி முழுவதும் திரும்பிவிடும். லாரிகள் பின்வாங்கி வளைக்கும் இடத்தில் தகப்பனார் ஒரே வீச்சில் வளைத்துப் போவார். பின் இருக்கையை மடக்கினால் அது ஒரு கட்டில். மிளகு மூட்டையும் பள்ளி விடுதிக்குப் போகும் பிள்ளைகளின் டிரங்குப் பெட்டிகளும் அதில் ஏறின. பிரசவ வேதனையோடு கிராமத்துப் பெண்கள் இரவில் அதில் படுத்தபடியே சேலம் அரசு மருத்துவமனைக்கு இறங்கினார்கள். அப்படிப் பிறந்தவர்களுள் இருவர் இன்று நம் சபையில் இருக்கிறார்கள். அவர்கள் வெட்கப்படக்கூடும் என்பதால் இன்னார் என்று சொல்லவில்லை.

தகப்பனார் மறைந்தபின் வண்டி நின்றுபோயிற்று. சேர்வராயன் மலையில் நிற்கும் இரும்புக்கு மழையைவிட மூடுபனியே கொடியது. மழை வடிந்துவிடும், பனியோ தகட்டின் மடிப்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இக்காலத்துக் கார்களில் உடலும் அடிச்சட்டமும் ஒன்றே. ஹெரால்டுக்கு அடியில் தனி சேஸிஸ் உண்டு. அதன்மேல் உடல் துண்டு துண்டாக போல்ட்டால் பூட்டப்பட்டிருக்கும். ஆகையால் கழற்றுவது எளிது. எங்கள் வண்டியின் உடலைத் தூக்கிப் பார்த்தபோது சேஸிஸின் நடுத்தண்டு உறுதியாக இருந்தது. பக்கவாட்டுக் கைகளோ சுத்தியல் தட்டியதும் பொடியாய் உதிர்ந்தன.

இரண்டு பட்டறைகளில் விலை கேட்டோம். ஒன்றில் துருவின்மேல் தகட்டை ஒட்டவைத்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். நாற்பதாயிரம் ரூபாய், பார்ப்பதற்கு மிக அழகாக இருக்கும் என்றார்கள். பழைய வஸ்திரத்தில் கோடித்துண்டை இணைப்பதைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அது தகர வேலைக்கும் அப்படியே பொருந்தும் என்பதை மற்றப் பட்டறையின் மேஸ்திரி, வேதம் வாசிக்காதவர், எனக்கு விளக்கினார். துருப்பிடித்த தகட்டில் புதுத் தகட்டைப் பற்றவைத்தால், ஓட்டத்தின் அதிர்வில் பற்றுவைத்த விளிம்பை ஒட்டியே பழைய தகடு கிழியும். துரு முடியும் இடம்வரை வெட்டி எறிந்துவிட்டு நல்ல இரும்பிலிருந்துதான் தொடங்கவேண்டும். அப்படிச் செய்ய, எஞ்சின் வேலையையும் சேர்த்து, அவர் சொன்ன தொகை இரண்டு லட்சத்து எண்பதாயிரம்.

என் தம்பி கணக்குத் தெரிந்தவன். அந்தத் தொகைக்கு ஓடுகிற நிலையில் உள்ள சிறிய கார் ஒன்று கிடைக்கும். மேலும் வரும் ஜூன் மாதம் அவன் மகளுக்கு நர்சிங் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டும். "அண்ணா, நமக்கு ஞாபகம் வேண்டுமென்றால் புகைப்படம் போதாதா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி நியாயமானது. ஞாபகம் ஒன்றே காரணமானால் நானும் புகைப்படத்தின் பக்கமே நிற்பேன்.

வேறொரு வழியும் இருந்தது. ஐம்பது ஆண்டைக் கடந்து, பெரிதாக மாற்றப்படாத வண்டிகளுக்கென 2021 ஜூலையில் மத்திய அரசு தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டினால் 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு எண் தருவார்கள். அத்தகைய வண்டியைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும், பெட்ரோல் போடவும் பழுதுபார்க்கவும் வெளியே எடுக்கலாம், அன்றாடம் ஓட்டக்கூடாது. பழைய வண்டிகளைச் சேர்க்கும் அன்பர் ஒருவர் அந்த எண்ணத்தோடு நல்ல விலைக்கே கேட்டார். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகத்தைப் பார்த்தவன் நான். அத்தகைய இடங்கள் வேண்டும் என்றே சொல்வேன். ஆயினும் பிரசவப் பெண்களைச் சுமந்த வண்டியைக் கயிறு கட்டி நிறுத்துவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. சாதாரணப் பதிவில் வைத்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் ஞாயிறுதோறும் ஓட்டலாம்.

முடிவெடுக்கவேண்டிய நாளில் அம்மாவிடம் கேட்டோம். எண்பத்திரண்டு வயதில் உயரமான ஜீப்புகளில் ஏற முடியாமல் ஆலயத்துக்கு வருவதையே குறைத்துக்கொண்டவர் அவர். கணக்கையெல்லாம் கேட்டுவிட்டு, "பின் சீட்டு இன்னும் மடங்குகிறதா?" என்று மட்டும் கேட்டார். மடங்கியது.

அன்றிரவு 2 இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தை எடுத்தேன். யோவாஸ் ராஜாவின் நாளில் தேவாலயம் பழுதுபட்டிருக்கிறது. இருபத்துமூன்றாம் வருஷம்வரை ஒருவரும் அதைப் பழுதுபார்க்கவில்லை. அப்பொழுது ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துளையிட்டுப் பலிபீடத்தின் அருகே வைக்கிறான். சேர்ந்த பணம் தச்சருக்கும் கொத்தருக்கும் கல்தச்சருக்கும் போகிறது. வெள்ளிக் கிண்ணங்களும் பிற பணிமுட்டுகளும் அந்தப் பணத்தில் செய்யப்படவில்லை என்று வேதம் தனியே குறித்து வைத்திருக்கிறது. முதலில் சுவர், கிண்ணம் பிறகு. இந்த வரிசையைத் தம்பியிடம் வாசித்துக் காட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே, "அப்படியானால் பெயின்ட்டும் குரோமியமும் கிண்ணம்" என்றான்.

அந்த வழியிலேயே உடன்பட்டோம். தம்பி மகளின் முதலாண்டுக் கட்டணம் எல்லாவற்றுக்கும் முன்னே எடுத்துவைக்கப்பட்டது. இவ்வாண்டு சேஸிஸ், பிரேக், எஞ்சின் இவை மட்டும். அதற்கும் ஒன்றரை லட்சத்தோடு எல்லை. இந்தியாவில் 2000ஆம் ஆண்டோடு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனதால் வால்வு உட்காரும் இடங்களில் கெட்டியான வளையம் பதிக்கவேண்டும். இப்போதைய பெட்ரோலில் இருபது விழுக்காடு எத்தனால் இருப்பதால் பழைய ரப்பர் குழாய்கள் அனைத்தும் மாற்றப்படும். மங்கிய சாம்பல் நிறம் அப்படியே இருக்கட்டும்.

ஒன்றில் மட்டும் மேஸ்திரி விட்டுக்கொடுக்கவில்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடியில் ட்ரன்னியன் என்னும் பித்தளைத் துண்டு ஒன்று மரையோடு பூட்டியிருக்கும். அதற்குக் கிரீஸ் ஆகாது; தடித்த கியர் எண்ணெயையே அடிக்கடி ஏற்றவேண்டும். அது உலர்ந்து இறுகினால் தண்டு முறிந்து, வளைவில் சக்கரம் மடங்கி விழுந்துவிடும். தகப்பனார் மாதந்தோறும் முதல் சனிக்கிழமை மாலையில் பாயை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு இதைத்தான் செய்துவந்தார் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. நாங்கள் அதை ஒரு பொழுதுபோக்கு என்றே நினைத்திருந்தோம்.

சேஸிஸ் இப்போது சேலத்துப் பட்டறையில் இருக்கிறது. உடல் கொட்டகையில் மரக்கட்டைகளின்மேல் நிற்கிறது. பார்க்க விரும்பும் பிள்ளைகள் ஓய்வுநாள் பாடசாலை முடிந்ததும் வரலாம். வரவுசெலவுப் பேரேடு தம்பியின் கையில் உள்ளது. புதிய ட்ரன்னியன்கள் இரண்டு வரவேண்டியிருக்கின்றன. அவை வந்ததும் எண்ணெய் ஏற்றும் முறையைக் கற்றுக்கொள்ள, பாயோடு வரும்படி மேஸ்திரி எனக்குச் சொல்லியிருக்கிறார்.