தவணை கேட்காத விதைக் கடன்

ஒரு பாலைவன நகரத்தின் பொது நூலகம் புத்தகத்தோடு விதையும் இரவல் கொடுக்கிறது. திருப்பித் தராவிட்டால் அபராதம் கிடையாது.

ஜூன் கடைசியில் டூசான் நகரவாசிகள் அடிக்கடி வானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். வெயில் 40 டிகிரியைத் தாண்டிக் கொளுத்துகிறது. ஊரைச் சுற்றிலும் பனைமரம்போல உயர்ந்து நிற்கும் சகுவாரோ கள்ளிகள். கருமேகம் திரண்டால் எல்லோர் வாயிலும் ஒரே சொல்: மான்சூன். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மெக்சிகோ எல்லையிலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவில் இருக்கும் இந்த ஊரிலும் பருவமழைக்கு அதே பெயர்தான். ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை அதற்கான காலம் என்று வானிலைத் துறை வரையறுத்திருக்கிறது. ஆண்டு முழுவதும் பெய்வதே சுமார் 28 செ.மீ. மழை. அதில் ஏறக்குறைய பாதி இந்தச் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது.

அந்த மழையை நம்பி வீட்டுக் கொல்லையில் விதைப்பவர்களில் பலர் விதைக்காகக் கடைக்குப் போவதில்லை. நூலகத்துக்குப் போகிறார்கள். பீமா கவுன்டி பொது நூலகம் 2012 ஜனவரியில் தன் கிளைகளில் விதை நூலகத்தைத் தொடங்கியது. கம்ப்யூட்டர் வந்தபின் வேலையற்றுப் போன மர இழுப்பறைகளில், நூல் அட்டைகள் இருந்த இடத்தில் விதைப் பொட்டலங்கள் உட்கார்ந்தன. தக்காளி, அவரை, மிளகாய், கீரை, பூச்செடி எல்லாம் நூல்களைப் போலவே அட்டவணையில் ஏறின. உறுப்பினர் அட்டை இருந்தால் போதும். வேண்டிய விதையை அட்டவணையில் தேடி, முன்பதிவு செய்து, வீட்டுக்குப் பக்கத்துக் கிளையில் வாங்கிக்கொள்ளலாம். காசு இல்லை. அறுவடையின்போது நல்ல செடி ஒன்றிரண்டை முற்றவிட்டு, விதையெடுத்துக் கொஞ்சம் திருப்பித் தாருங்கள் என்று கேட்டுக்கொள்வதோடு சரி.

டூசானில் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு முன்கதை உண்டு. இந்தப் பள்ளத்தாக்கில் 4,000 ஆண்டுகளாக வேளாண்மை நடந்துவந்திருக்கிறது என்கிறார்கள் தொல்லியலாளர்கள். யுனெஸ்கோ 2015-ல் அமெரிக்காவிலேயே முதன்முதலாக இந்த ஊருக்கு 'உணவுக்கலை நகரம்' என்ற பட்டம் கொடுத்ததற்கு இந்த வரலாறும் ஒரு காரணம். ஆனால் இங்குள்ள பூர்வகுடிகளான தொஹோனோ ஓதாம் மக்களின் வயல்கள் 20-ஆம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாகத் தரிசாயின. கடை மாவும் சர்க்கரையும் தட்டுக்கு வந்தன. பின்னாலேயே நீரிழிவு நோயும் வந்தது. அவர்கள் மீண்டும் தோட்டம் போட உதவப் போன தொண்டர்கள் பிராக்கோலி, முள்ளங்கி விதைகளை நீட்டினார்கள். பெரியவர்கள் கேட்டதோ வேறு: எங்கள் தாத்தா பாட்டி விதைத்தது கிடைக்குமா? தாவரவியலாளர் கேரி நப்ஹானும் நண்பர்களும் 1983-ல் டூசானில் 'நேட்டிவ் சீட்ஸ் சர்ச்' என்ற விதைக் காப்பகத்தைத் தொடங்கியதற்கு அந்தக் கேள்வியே வித்து.

அந்தத் தாத்தா பாட்டி விதைகளில் முக்கியமானது டெப்பரி என்ற சிறிய அவரை. கோடை மழை மண்ணை நனைத்ததும் விதைத்தால், இரண்டு மூன்று நல்ல மழையிலேயே காய்த்துவிடும். தண்ணீர் அதிகமானால் இலை தழைத்துக் காய் குறையும். குளிர்ந்த, ஈரமான ஊரில் விளைந்த பாக்கெட் விதையிடம் இந்தக் குணத்தை எதிர்பார்க்க முடியாது. இதே மண்ணில், இதே வெயிலில் பிழைத்த செடியிலிருந்து ஆண்டுதோறும் விதையெடுத்தால்தான் அது தங்கும். திருப்பித் தாருங்கள் என்று நூலகம் கேட்பதன் பொருள் இதுதான்.

சிக்கல்கள் இல்லாமலில்லை. அவரையும் தக்காளியும் பெரும்பாலும் தம் பூவிலேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும், விதை கலப்படமாகாது. பூசணி அப்படியல்ல. அடுத்த வீட்டு வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்தால், மறுவருடம் என்ன காய்க்கும் என்று சொல்ல முடியாது. வாங்கியவர்களில் திருப்பித் தருபவர்கள் குறைவு என்பது விதை நூலகங்கள் பலவற்றிலும் கேட்கும் குறை.

ஆனால் பெரிய தடை வேறொரு மாநிலத்தில், சட்டத்தின் உருவில் வந்தது. பென்சில்வேனியாவின் மெக்கானிக்ஸ்பர்க் என்ற சிற்றூர் நூலகம் 2014-ல் இதேபோல் விதை கொடுக்கத் தொடங்கியது. சில வாரங்களில் மாநில வேளாண்மைத் துறையிடமிருந்து கடிதம். விதை வியாபாரிகளுக்காக 2004-ல் இயற்றிய சட்டம் நூலகத்துக்கும் பொருந்தும். முளைப்புத்திறன் சோதனையும் முறையான லேபிளும் இல்லாமல் வீட்டு விதையைக் கொடுக்கக்கூடாது. ஒரு பொட்டலத்தில் இருக்கும் விதை சோதனைக்கே போதாது. வேளாண் பயங்கரவாதம் என்ற அச்சத்தைக்கூட ஒரு உள்ளூர் நிர்வாகி எழுப்பினார். கடைசியில் கடையில் வாங்கிய புது விதையை மட்டும் கொடுக்க நூலகம் சம்மதித்தது.

நாடெங்கும் தோட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள். மினசோட்டா, நெப்ராஸ்கா, இல்லினாய், கலிபோர்னியா மாநிலங்கள் 2015, 2016-ஆம் ஆண்டுகளில் தங்கள் சட்டங்களைத் திருத்தி, விற்பனையில்லாத விதைப் பகிர்வுக்கு விலக்கு அளித்தன. பென்சில்வேனியாவும் 2016-ல் இறங்கிவந்தது. இந்தியாவில் 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்க, பரிமாற, பகிர, முத்திரைப் பெயர் இல்லாமல் விற்கக்கூட உழவருக்கு உரிமை தருகிறது. அமெரிக்காவில் அந்த உரிமைக்காக நூலகர்கள் வாதாட வேண்டியிருந்தது.

டூசானில் அந்தப் பேச்சுக்கு இடமில்லாமல் விதை கைமாறிக்கொண்டிருக்கிறது. கோடையில் விதைத்த டெப்பரி, மழைக்காலம் முடிந்தபின் காய்ந்து ஓடு வெடிக்கும். முடிந்தவர்கள் ஒரு கைப்பிடியைப் பொட்டலமாகக் கட்டி, பெயரும் அறுவடை ஆண்டும் எழுதிக் கிளை நூலகத்தில் கொடுக்கிறார்கள். முடியாதவர்களை நூலகம் கேள்வி கேட்பதில்லை. மழை பொய்க்கும் ஊரில் தவணை தவறுவது புதிதல்ல.